பழைய ஜீப்புக்கு எலெக்ட்ரிக் ஃபேன்: ரிலே எதுக்கு?

பழைய ஜீப்பில் ரேடியேட்டர் ஃபேன் என்ஜின் வேகத்தில்தான் சுற்றும். பாறைப் பாதையில் வண்டி ஊரும்போது ஃபேனும் மந்தமாகிவிடும். என்ஜின் சூடேறுவதும் அப்போதுதான். அதனால்தான் பலர் எலெக்ட்ரிக் ஃபேனுக்கு மாறுகிறார்கள்.

12 வோல்ட் ஃபேன் 20 ஆம்பியர் இழுக்குதுன்னு வச்சுக்குவோம். அதை டாஷ்போர்டு சுவிட்ச் வழியா நேரா கொடுத்தா? இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தாலே ஏறக்குறைய 2 வோல்ட் போச்சு. அந்த ஒரே புள்ளியில் 40 வாட் சூடு, ஒரு சால்டரிங் அயர்ன் அளவுக்கு! சுவிட்ச் உருகும்.

அதுக்குத்தான் ரிலே. 30-க்கு பேட்டரி பிளஸ், 87-லிருந்து ஃபேன், 86-க்கு இக்னிஷன் சப்ளை, 85 தெர்மோ சுவிட்ச் வழியாக எர்த். சுவிட்ச் சுமப்பது ரிலே காயிலின் சின்ன கரண்ட்டை மட்டும்தான்.

ஃபியூஸை பேட்டரி பக்கத்திலேயே வையுங்க. வயர் உரசி பாடியில் பட்டால், ஃபியூஸுக்கு அப்புறம் இருக்கும் வயரைத்தான் அது காப்பாற்றும். முன்னாடி இருப்பது எரியும்.

85-இன் எர்த் வழியில் இன்னொரு சுவிட்சும் போடுங்க. ஆற்றில் இறங்கும்முன் ஃபேனை நிறுத்தலாம். தண்ணீரில் சுழலும் இறக்கை வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்கக்கூடும். கரையேறியதும் மறக்காம ஆன் பண்ணிடுங்க.