பந்தும் பேருந்தும்

2020 மே 16. எண்பதாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் டார்ட்மண்ட் அரங்கில் அன்று இருந்தவர்கள் ஏறக்குறைய முந்நூறு பேர். வீரர்கள், மருத்துவர்கள், கேமராக்காரர்கள் எல்லாரும் அந்தக் கணக்கிலேயே அடக்கம். எர்லிங் ஹாலண்ட் முதல் கோலை அடித்தார். கட்டிப்பிடிக்க யாரும் ஓடி வரவில்லை. சகவீரர்கள் தள்ளி நின்றே ஆடிக் கொண்டாடினார்கள். டார்ட்மண்ட் 4–0 என்று ஷால்கேயை வென்றது. கொரோனாவால் மூடப்பட்ட ஐரோப்பாவின் பெரிய லீக்குகளில் முதலில் திறந்தது ஜெர்மனியின் புண்டெஸ்லிகாதான். ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும்போது இவர்களுக்கு மட்டும் என்ன அவசரம் என்ற கேள்வி எங்கும் எழுந்தது. தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம்தான் அவசரத்துக்குக் காரணம் என்பதை யாரும் மறைக்கவும் இல்லை.

பணத்தை ஒதுக்கிவிட்டு மூச்சைப் பார்ப்போம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை இழுத்து விடுகிறார். முழு வேகத்தில் ஓடும் வீரருக்கு அது நூறு லிட்டரைத் தாண்டும். அப்படி இருபத்திரண்டு துருத்திகள் ஒரே களத்தில்! ஒருவருக்குத் தொற்று இருந்தாலும் போதுமே என்று தோன்றும். ஆனால் திறந்தவெளியில் வெளிவிடும் மூச்சு நொடிகளில் கலைந்து நீர்த்துப் போகிறது. டென்மார்க் லீக் ஆட்டங்களில் வீரர்கள் நகர்ந்த தடங்களை வைத்து ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். களத்தில் ஒருவருக்குத் தொற்று இருந்தால், மற்றவர்கள் அவருக்கு ஒன்றரை மீட்டருக்குள் இருக்கும் நேரம் எவ்வளவு? முழு ஆட்டத்திலும் சராசரியாக ஒன்றரை நிமிடம்கூட இல்லை. கார்னர் கிக்குக்காக கோல் முன்னால் எல்லாரும் மொய்க்கிறார்களே, அதெல்லாம் சில நொடிச் சமாச்சாரம்.

அப்படியானால் ஆபத்து எங்கே? ஜன்னல் திறக்காத பேருந்தில், உடை மாற்றும் அறையில், ஓட்டல் சாப்பாட்டு மேசையில், தசை பிடித்துவிடும் கட்டிலில். ஜெர்மன் தேசிய அணியின் மருத்துவர் டிம் மேயர் தலைமையிலான குழு வகுத்த திட்டம் முழுக்க இந்த இடங்களைச் சுற்றியே இருந்தது. ஒரே பேருந்தில் நெருக்கி உட்கார வைக்காமல் பிரித்து அனுப்பினார்கள். பயிற்சி முதலில் சிறு குழுக்களாக நடந்தது. ஆட்டம் தொடங்குமுன் எடுத்த 1,724 பரிசோதனைகளில் 10 பேருக்குத் தொற்று தெரிந்தது. ஒரு தடவை சோதித்துவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது. தொற்றிய முதல் ஓரிரு நாள் மூக்கிலும் தொண்டையிலும் கிருமி மிகக் குறைவாக இருப்பதால் ஆர்டி-பிசிஆர் கண்ணிலும் படாது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள்.

விதிகள் கறாராகவே இருந்தன. தனிமையில் இருக்க வேண்டிய ஆக்ஸ்பர்க் பயிற்சியாளர் ஹைகோ ஹெர்லிஷ் பற்பசை வாங்க ஓட்டலை விட்டு வெளியே போனார்; அந்த வார ஆட்டத்தில் அணியோடு இருக்க முடியாமல் போயிற்று. சிரிப்பு வருகிறது. டைனமோ டிரெஸ்டன் கதையில் சிரிக்க ஒன்றும் இல்லை. இரண்டாம் பிரிவில் இருந்த அந்த அணியில் தொற்று தெரிந்ததும், சுகாதாரத் துறை மொத்த அணியையும் இரண்டு வாரம் வீட்டில் உட்கார வைத்தது. பிறகு மூன்று நான்கு நாளுக்கு ஓர் ஆட்டம் என்று ஓடிக் களைத்த அணி, பருவ முடிவில் மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது.

பார்வையாளர்களை வெளியே நிறுத்தியது சரி என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. 2020 பிப்ரவரி 19 அன்று தங்கள் ஊர் அணியான அட்டலாண்டா வலென்சியாவோடு மோதிய ஆட்டத்துக்காக இத்தாலியின் பெர்கமோ மக்கள் பல்லாயிரக்கணக்கில் மிலான் அரங்கில் கூடினார்கள். இத்தாலிக்குள் நோய் பரவிக்கொண்டிருப்பது அந்த வாரக் கடைசியில்தான் வெளியே தெரிந்தது. பெர்கமோவில் பிறகு நேர்ந்த கொரோனா பெருந்துயரத்தில் அந்த இரவின் பங்கு எவ்வளவு என்று துல்லியமாகப் பிரித்துச் சொல்ல முடியாது. பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. நம் ஊர் அணிக்கும் இதில் ஓர் இடம் உண்டு. அதே ஆண்டு மார்ச் 14 அன்று சென்னையின் எஃப்சி ஆடிய ஐஎஸ்எல் இறுதிப் போட்டி, கோவாவில் காலி அரங்கில்தான் நடந்தது.

காலி அரங்கு விஞ்ஞானிகளுக்கு யாரும் கேட்காமலே கிடைத்த சோதனைக்கூடம். சொந்த மண்ணில் ஆடும் அணிக்கு வழக்கமாக இருக்கும் அனுகூலம் புண்டெஸ்லிகாவில் சட்டென்று குறைந்தது. வெளியூர் அணிக்கு நடுவர்கள் காட்டும் மஞ்சள் அட்டைகளும் குறைந்தன. கூட்டத்தின் கூச்சல் நடுவரின் கையையும் அசைத்துக்கொண்டிருந்திருக்கிறது!

நீண்ட நாள் பயிற்சியில்லாமல் இருந்து திரும்பும் உடம்பின் கணக்கு தனி. 2011இல் அணி உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையிலான தகராறால், ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ லீக்கான என்எஃப்எல்லின் பயிற்சிகள் மாதக்கணக்கில் முடங்கின. திரும்பி வந்த முதல் பன்னிரண்டு நாளில் பத்து வீரர்களுக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. இத்தகைய ஆபத்தைக் குறைக்கத்தான் 2020 மே மாதம் ஓர் ஆட்டத்தில் ஐந்து மாற்று வீரர்களை இறக்க அனுமதி தந்தார்கள். தற்காலிகமாக வந்த அந்த விதி 2022இல் நிரந்தரமாகிவிட்டது.

இதயத் தசை அழற்சிதான் அன்று எல்லாரையும் கலங்கடித்த பயம். தொற்று வந்த 26 கல்லூரி வீரர்களைப் பார்த்த ஒரு சிறு அமெரிக்க ஆய்வு, நால்வரிடம் அதன் அறிகுறி இருப்பதாகச் சொன்னது. பிறகு வந்த பெரிய ஆய்வில் 789 தொழில்முறை வீரர்களில் ஐந்து பேருக்கே இதயத்தில் அழற்சி கண்டறியப்பட்டது. சிறு ஆய்வை வைத்துப் பதறக் கூடாது. ஆனால் அந்தப் பதற்றம் இல்லாமல் பெரிய ஆய்வு நடந்திருக்குமா?

ஆகவே ஆடலாமா என்றால், ஆடலாம் என்பதே என் பதில், ஒரு நிபந்தனையோடு. வாட்ஃபோர்டு அணித்தலைவர் டிராய் டீனி, மூச்சுத் தொல்லை உள்ள தன் கைக்குழந்தையைச் சொல்லி முதலில் பயிற்சிக்கு வர மறுத்தார். செல்சியின் என்கோலோ காண்டேயும் சில காலம் ஒதுங்கி இருந்தார். புகழும் பணமும் உள்ளவர்களால் அப்படிச் சொல்ல முடிந்தது. அணிப் பேருந்தின் ஓட்டுநரும் அதையே சொல்லிவிட்டு வேலையை இழக்காமல் இருக்க முடிந்தால்தான் அந்த லீக் திறக்கத் தகுதியானது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் பந்தோடு போகிறவரா நீங்கள்? அந்த வீரர்களுக்கு இருந்த இசிஜியும் எக்கோவும் மருத்துவக் குழுவும் உங்களுக்கு இல்லை. காய்ச்சல் விட்ட மறுநாளே ஓடாதீர்கள். சில நாள் ஓய்வெடுத்து, மெதுவாக நடந்து பழகிப் பிறகு ஓடுங்கள். நெஞ்சு வலித்தாலோ, படபடப்போ தலைசுற்றலோ வந்தாலோ ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.