பெயர் ஒன்று, அடையாளம் வேறு: வீட்டு வலையமைப்பில் கோப்புப் பகிர்வு

ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும்போது எவருடைய கோப்பை எவர் திறக்கலாம் என்ற கேள்வி, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் தலைமையில் உருவாகி 1961-இல் இயக்கிக் காட்டப்பட்ட சிடிஎஸ்எஸ் என்னும் நேரப்பகிர்வு முறைமையின் காலத்திலேயே எழுந்துவிட்டது. பின்னர் பெல் ஆய்வகத்தில் வளர்ந்த யூனிக்ஸ், கோப்பின் உரிமையாளர், அவர் சார்ந்த குழு, பிறர் என மூவகையினரைப் பிரித்து, படித்தல், எழுதுதல், இயக்குதல் ஆகிய உரிமைகளை ஒவ்வொரு வகையினருக்கும் தனித்தனியே வரையறுத்தது. இந்த ஏற்பாடு இன்று இரண்டு மூன்று கணினிகள் உள்ள வீடுகளுக்கும் வந்துவிட்டது. ஆனால், நிறுவனங்களில் எல்லாப் பயனர் கணக்குகளையும் ஓரிடத்தில் வைத்து ஆளும் மையச் சேவையகம் வீட்டில் இருப்பதில்லை என்பதே அங்கு நேரும் பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர்.

மையம் இல்லாத நிலையில் ஒவ்வொரு கணினியும் தனக்கென ஒரு கணக்குப் பதிவேட்டை வைத்துக்கொள்கிறது. விண்டோஸில் உருவாக்கப்படும் ஒவ்வொரு கணக்குக்கும் நீண்டதொரு பாதுகாப்பு அடையாள எண் உண்டு; அனுமதிகள் பெயரோடு அல்ல, அந்த எண்ணோடு பிணைக்கப்படுவதால், இரு கணினிகளில் ஒரே பெயரில் உள்ள கணக்குகள் உண்மையில் இரு வேறு ஆட்களே. பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாக இருந்தால், மீண்டும் கேட்காமல் பகிர்வு திறக்கிறது. கணினியைத் திறக்கப் பழகிப்போன நான்கிலக்கப் பின் எண் அந்தக் கருவிக்கு மட்டுமே உரியது என்பதால் வலையமைப்பில் அது செல்லாது.

லினக்ஸ் கணினிகளுக்கிடையே என்எஃப்எஸ் என்னும் பகிர்வு முறையைப் பயன்படுத்துவோர் எதிர்கொள்ளும் சிக்கல் இதற்கு நேர்மாறானது, இன்னும் கவலைக்குரியது. பல லினக்ஸ் வெளியீடுகள் முதலில் உருவாகும் கணக்குக்கு 1000 என்ற எண்ணைத் தருகின்றன. வழக்கமான அமைப்பில் என்எஃப்எஸ் அந்த எண்ணையே நம்புவதால், தாயின் கணினியிலும் மகனின் கணினியிலும் உள்ள முதல் கணக்குகள் ஒரே ஆளாகக் கொள்ளப்பட்டு, ஒருவர் மறைத்துவைத்த கோப்பு மற்றவருக்குத் தடையின்றித் திறந்துவிடுகிறது.

விண்டோஸில் அனுமதி இரு வாயில்களைக் கடக்க வேண்டும்: பகிர்வுக்கு அளித்த அனுமதி ஒன்று, வட்டில் கோப்புறைக்கு அளித்த அனுமதி மற்றொன்று. இரண்டில் எது கடுமையானதோ அதுவே செல்லுபடியாகும். இதை அறியாதவர்கள், முதலாவதில் முழு உரிமை கொடுத்த பின்னும் எழுத முடியவில்லையே என்று சலித்து, இரண்டாவதிலும் ‘எல்லோருக்கும்’ முழு உரிமை என்று அமைத்துவிடுகின்றனர். இந்தக் குறுக்குவழியை உறுதியாகத் தவிர்க்க வேண்டும். ஏனெனில் ஒருவருடைய கணக்கில் நுழையும் பணயத் தீநிரல், அந்தக் கணக்கு எழுதக்கூடிய பகிர்ந்த கோப்புறைகளையும் பூட்டிவிடும், குடும்பப் படங்கள் உட்பட. எந்தக் கணக்கும் தன் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமையோடு இயங்க வேண்டும் என்று கணினி ஆய்வாளர்கள் சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975-இல் வகுத்த நெறி வீட்டுக்கும் முழுமையாகப் பொருந்தும்.

ஆகவே உரிமைகளை ஆட்களுக்கு நேரடியாக அளிக்காமல் பெற்றோர், பிள்ளைகள் என்ற குழுக்களுக்கு அளிப்பதும், நிர்வாகக் கணக்கை அன்றாட வேலைக்குப் பயன்படுத்தாமல் விடுவதும் நலம். லினக்ஸில் இயங்கும் சேமிப்பகமானால், பொதுக் கோப்புறைக்குக் குழுவைத் தொடரச் செய்யும் குறியையும் இட வேண்டும். அது இல்லாவிட்டால், ஒருவர் புதிதாகச் சேர்க்கும் கோப்பு அவருடைய சொந்தக் குழுவுக்கே உரியதாகி, மற்றவர்களால் அதைத் திருத்த முடியாமல் போகலாம்.