விழுமிடம்

சாந்தோம் கடற்கரையில் மாலை வேளைகளில் பிள்ளைகள் பச்சைக்குதிரை தாண்டுவதைச் சற்று நேரம் நின்று பார்த்தவர்களுக்கு, உயரத் தாண்டல் என்னும் சர்வதேசப் போட்டியின் சட்டதிட்டங்களைப் புதிதாகப் போதிக்க வேண்டிய அவசியம் அநேகமாக இல்லை. குனிந்து நிற்கும் பிள்ளை முதலில் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்கிறது. எல்லோரும் தாண்டி முடித்ததும் கை கணுக்காலுக்கு ஏறுகிறது, பிறகு முழங்காலுக்கு, தொடைக்கு, இடுப்புக்கு. தாண்ட இயலாதவர் ஒவ்வொருவராக விலக, கடைசியில் ஒருவரோ இருவரோ மிஞ்சுகிறார்கள். சென்ற மாதம் ஒரு நாள் அப்படி மிஞ்சியவள் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்ட ஒரு சிறுமி, பதினொரு வயதிருக்கலாம். தன்னைக் காட்டிலும் வளர்ந்த பையன் ஒருவன் தலையை மட்டும் கவிழ்த்து நிற்க, அவள் பத்தடி பின்வாங்கி ஓடிவந்து, அவன் முதுகில் கையூன்றி எழும்பி, அப்பாலுள்ள மணலில் குப்புற விழுந்து, வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு எழுந்து சிரித்தாள். இதே பெண் ஒரு சிமெண்டு முற்றத்தில் இப்படி எழும்பியிருப்பாளா என்ற கேள்வி வீடு திரும்பும்வரை என்னை விடவில்லை.

2024 செப்டம்பரில் தெற்காசிய ஜூனியர் தடகளச் சாம்பியன்ஷிப் நம் சென்னையின் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் நடைபெற்றபோது, பெண்கள் உயரத் தாண்டலில் 1.80 மீட்டரைக் கடந்து தங்கப் பதக்கம் பெற்றவர், ஹரியானாவின் ஃபதேஹாபாத் மாவட்டத்தைச் சேர்ந்த பூஜா சிங். கொத்தனார் ஒருவரின் மகளான அவர், ஆரம்ப காலத்தில் மூங்கில் கழியைக் குறுக்குக் கம்பாக வைத்து, வைக்கோல் திணித்த சாக்குகளின் மேல் விழுந்து அப்பியாசம் செய்தவர். அடுத்த எட்டே மாதங்களில், 2025 மே மாதம், தென்கொரியாவின் குமி நகரில் நடந்த ஆசியச் சாம்பியன்ஷிப்பில் 1.89 மீட்டர் தாண்டி ஆசியாவின் முதல் ஸ்தானத்தைப் பெற்றார். 2000-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் கேரளத்தின் பாபி அலோஷியஸ் வென்ற அந்தத் தங்கம் மறுபடி ஓர் இந்தியப் பெண்ணின் கழுத்தில் விழ, கால் நூற்றாண்டு சென்றிருக்கிறது.

1.89 மீட்டர் என்பது ஆறடி இரண்டு அங்குலத்துக்குச் சற்று அதிகம். மயிலாப்பூரின் பழைய ஓட்டு வீடுகளில் தலை இடிக்காமலிருக்க நாம் குனிந்து நுழைகிறோமே, அந்த வாசல் நிலையின் மேற்சட்டம்கூட அந்த உயரத்துக்குக் கீழேதான் இருக்கும். அதன் கீழே நுழைவதற்கே நாம் குனிகிறோம். ஒரு பெண் எதையும் பற்றாமல், ஒற்றைக் காலை உந்தி, அதற்கு மேலே போய்விடுகிறாள்.

போட்டியின் விதிகள் எளியவை. சுமார் நான்கு மீட்டர் நீளமும் இரண்டு கிலோவுக்கு மேற்படாத எடையும் கொண்ட கம்பு, இரு பக்கமும் சிறு தாங்கிகளின் மேல் கட்டப்படாமல் கிடக்கும். உடல் பட்டு அது நடுங்கினாலும் விழாதிருந்தால் தாண்டல் செல்லும். எழும்புவது ஒற்றைக் காலால்தான் என்பதும், தொடர்ந்து மூன்று முறை தவறினால் போட்டியிலிருந்து விலக வேண்டும் என்பதும் மாறாத சட்டங்கள். இருவர் ஒரே உயரத்தில் நின்றுவிட்டால், அந்த உயரத்தைக் குறைந்த பிரயத்தனத்தில் கடந்தவருக்கே வெற்றி. 2022-இல் அமெரிக்காவின் யூஜீன் நகரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆஸ்திரேலியாவின் எலினார் பாட்டர்சன், உக்ரைனின் யாரோஸ்லாவா மகுச்சிக் ஆகிய இருவருமே 2.02 மீட்டர் தாண்டினார்கள். பாட்டர்சன் அதை முதல் முயற்சியிலும், மகுச்சிக் இரண்டாவது முயற்சியிலும் கடந்தார்கள் என்ற ஒரே வித்தியாசம் தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்தது. தன் முறை வரும்வரை மைதானத்திலேயே உறக்கப் பைக்குள் படுத்து ஓய்வெடுக்கும் வழக்கமுடைய இந்த மகுச்சிக்தான், 2024 ஜூலை 7-ஆம் தேதி பாரிஸில் 2.10 மீட்டர் தாண்டி, பல்கேரியாவின் ஸ்டெஃப்கா கோஸ்டாடினோவா 1987-இல் ரோமில் நிலைநாட்டியிருந்த 2.09 மீட்டர் உலக சாதனையை வென்றார். ஒரு சென்டிமீட்டர் உயர முப்பத்தேழு ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

இனி, அவர்கள் தாண்டும் விதத்தைக் கவனிக்க வேண்டும். நேராக ஓடத் தொடங்கி, கடைசிச் சில அடிகளை வில்போல் வளைத்து ஓடும்போது, வளைவில் திரும்பும் சைக்கிள்காரரைப் போல உடல் உட்புறமாகச் சாய்கிறது. கம்பின் அருகில் கால் ஊன்றி எழும்பும் கணத்தில் அந்தச் சாய்வே சுழற்சியாக மாறி, முதுகைக் கம்பின் பக்கம் திருப்பிவிடுகிறது. முதலில் தலை கடக்கிறது. தலை அப்பால் இறங்கும்போது இடுப்பு மேலே வளைகிறது. இடுப்பு இறங்கும்போது கால்கள் உதறி எழுகின்றன. ஒரு சமயத்தில் உடலின் ஒரு பாகமே கம்புக்கு மேலே இருப்பதால், உடலின் புவியீர்ப்பு மையம் கம்புக்குக் கீழேயே சென்றாலும் உடல் முழுவதும் மேலே கடந்துவிட முடிகிறது! இயற்பியலின் இந்தச் சலுகையை 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் உலகறியச் செய்தவர் டிக் ஃபாஸ்பரி. அவர் பெயராலேயே இம்முறை 'ஃபாஸ்பரி ஃப்ளாப்' எனப்படுகிறது.

ஆனால் இப்படித் தாண்டுகிறவர் காலால் இறங்குவதில்லை. முதுகாலும் தோளாலும் கழுத்தடியாலும் வந்து விழுகிறார். மணற்குழியில் அப்படி விழுந்தால் கழுத்து என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவேதான் முந்தைய தலைமுறையினர் கத்தரிக்கோல் போல் கால்களை ஒன்றன்பின் ஒன்றாக வீசித் தாண்டி, காலூன்றி இறங்கினார்கள். வேறு சிலர் கம்பின் மேல் குப்புறப் புரண்டு கை காலால் விழுந்தார்கள். அமெரிக்க மைதானங்களில் நுரைமெத்தை வந்து சேர்ந்திராவிட்டால், ஃபாஸ்பரியின் யுக்தி பரவியிராது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ருமேனியாவின் யோலாண்டா பாலாஷ், கத்தரிக்கோல் முறையை ஒட்டிய பழைய பாணியிலேயே 1961-இல் 1.91 மீட்டர் தாண்டினார். மேற்கு ஜெர்மனியின் உல்ரிக்கே மைஃபார்ட் என்னும் பதினாறு வயதுப் பெண், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் முதுகு வளைத்து 1.92 மீட்டர் தாண்டித் தங்கம் பெற்றார். இப்போது நம் நாட்டுச் சரித்திரத்தைப் பாருங்கள். பாபி அலோஷியஸ் 1.91 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை புரிந்தது 2004-இல், நம் சென்னையில். கர்நாடகத்தின் சஹானா குமாரி அதை 1.92 ஆக உயர்த்தியது 2012-இல், ஹைதராபாத்தில். பாலாஷின் உயரத்தை எட்ட நமக்கு நாற்பத்து மூன்று ஆண்டுகளும், மைஃபார்ட்டின் உயரத்தை எட்ட நாற்பது ஆண்டுகளும் சென்றிருக்கின்றன. பூஜாவின் குமி தாண்டலோ சஹானாவின் உயரத்துக்கு மூன்று சென்டிமீட்டர் கீழே நிற்கிறது.

நம்மவர் தேகவாகு இதற்கு ஒத்துவராது என்று சிலர் சொல்வதை நான் கேட்டதுண்டு. அந்தப் பேச்சை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958-ஆம் ஆண்டு டோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீட்டர் தாண்டி, இலங்கைக்கு அவ்விளையாட்டுகளின் முதல் தங்கத்தைக் கொண்டுவந்தார். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் சிதைந்த சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு, 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் தாண்டித் தங்கம் வென்ற உயரம், குமியில் பூஜா தாண்டிய அதே 1.89 மீட்டர். இவ்வளவையும் கண்ட பிறகு குறையைப் பிள்ளைகளின் கால்களில் தேடுவது நியாயமாகாது. அவர்கள் விழும் இடத்தில் தேட வேண்டும்.

ஹாரி க்ரோ பக் 1920-இல் தொடங்கி, இன்று நந்தனத்தில் இயங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நூறாண்டைக் கடந்து நிற்கிறது. அங்கே பயின்ற ஆசிரியர்கள் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகளை ஓடவும் தாண்டவும் பழக்கியிருக்கிறார்கள். ஃப்ளாப் முறையைச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த பி.டி. டீச்சருக்கும், கற்றுக்கொள்ளத் துடிக்கும் மாணவிக்கும் நடுவே இல்லாதிருப்பது நல்ல கனமான ஒரு நுரைமெத்தையும், ஐப்பசி மழையிலும் சித்திரை வெயிலிலும் அது மக்கிப்போகாமலிருக்க ஒரு கொட்டகையுமே. பள்ளிக்கு ஒன்று வாங்க இயலாதென்றால், மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்று வட்டாரத்துக்கு ஒன்றை வாங்கி, நாள் வகுத்துக்கொண்டு பல பள்ளிகள் பயன்படுத்தலாம். ஆண்டு விழாவில் வெள்ளிக் கோப்பை வழங்கும் பழைய மாணவியர் சங்கங்கள், ஓராண்டு கோப்பையை நிறுத்திவைத்துவிட்டு இந்த மெத்தையை வழங்கினால், அந்தத் தர்மத்தை ஆயிரம் பெண்கள் தங்கள் முதுகில் உணர்வார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "பெண் பிள்ளை, விழுந்து கையைக் காலை உடைத்துக்கொள்ளப் போகிறாள்" என்று அஞ்சுவது இயல்பு; அந்த அச்சத்தை நான் குறை சொல்லவில்லை. அதோடு நின்றுவிடாமல், இந்த வருஷத்து விளையாட்டு விழாவுக்கு முன்பே உங்கள் மகளின் பள்ளிக்குச் சென்று, உயரத் தாண்டலுக்கு அங்கே மெத்தை இருக்கிறதா என்று ஒரு முறை கேட்டுவிட்டு வாருங்கள்.