தும்பறை: பச்சையெல்லாம் காடாகுமா?

மழை விட்ட காலையில் கண்டியிலிருந்து வடகிழக்கே பார்த்தால், மடக்கிய கையின் விரல்முட்டிகளைப் போல மலைமுகடுகள் வரிசையாகத் தெரியும். அந்தத் தோற்றத்தைக் கண்டுதான் ஆங்கிலேயர் அதற்கு நக்கிள்ஸ் என்று பெயர் வைத்தார்கள். சிங்கள மக்களுக்கு அது தும்பறை. முகில் புகைபோலப் படியும் இடம் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். கண்டி, மாத்தளை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இந்தத் தொடரின் மிக உயர்ந்த முகடான கொம்பானியா 1,900 மீற்றரைத் தாண்டுகிறது. ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு ஆகியவற்றோடு சேர்த்து 2010இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமையாக அறிவித்தது. ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா. நக்கிள்ஸ் 2000ஆம் ஆண்டிலிருந்து வனத் திணைக்களத்தின் கீழுள்ள பாதுகாப்பு வனம். இந்தத் தொடரிலுள்ள ரிவஸ்டனுக்கோ கோர்பெட்ஸ் கணவாய்க்கோ வாகனத்தில் போகிறவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிதாகப் படாது. மலை முழுக்கப் பச்சையாக இருக்கிறது, காடு நன்றாகத்தான் இருக்கிறது என்ற எண்ணத்தோடு திரும்பிவிடுவார்கள். அந்த எண்ணம் தவறானது. அங்கே தெரியும் பச்சையில் தேயிலை உண்டு, பைன் உண்டு, ஏலம் உண்டு, பத்தனைப் புல்வெளி உண்டு, இவற்றுக்கு நடுவே காடும் உண்டு. இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாததே இந்த மலைக்கு நேர்ந்திருக்கும் பெரிய கேடு என்பேன்.

ஒரு காலத்தில் இந்தக் காடு கண்டி இராச்சியத்தின் மதிலாக இருந்தது. பகைவர் படை நகருக்குள் புகுந்தபோதெல்லாம் அரசர்கள் மலைகளுக்குள் ஒதுங்கித் தப்பினார்கள். தமிழகத்தில் கண்ணுசாமி என்ற பெயரோடு பிறந்த நாயக்க வமிசத்துக் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் இந்தப் பக்கத்து மெதமஹநுவரவை நம்பித்தான் ஓடினான். 1815 பெப்ரவரி 18ஆம் திகதி அங்கே பிடிபட்டான். மதில் தன் வேலையை இழந்ததும் கோடரி வந்தது. கோப்பிக்காக மலைச்சரிவுகள் மொட்டையடிக்கப்பட்டன. மன்னார்க் கரையில் இறங்கிக் காடும் கரம்புமாக மாத்தளை வரை நடந்துவந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பில் அங்கே கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. காலப்போக்கில் கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் சொன்ன யோசனைப்படி, 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டாமல் விடுவதென்று ஆங்கிலேய அரசு முடிவு செய்தது. முகடுகளில் இன்று காடு மிஞ்சியிருப்பதற்கு இந்த ஒரு கோடு பெரிய காரணம். ஆனால் அந்தக் கோடு மரத்தடியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மரத்தடிக்கு வந்தது ஏலம். ஏலச்செடி நிழலில்தான் செழிக்கும். ஆகவே பெரிய மரங்களை விட்டுவிட்டு, கீழே உள்ள செடிகொடிகளையும் மரக்கன்றுகளையும் வெட்டித் துப்புரவாக்கி நடுவார்கள். செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் பூங்கொத்து நிலத்தோடு ஒட்டித்தான் கிடக்கும். காய் பறிக்கிறவர் குனிந்தும் குந்தியும் ஒவ்வொரு தூரிலும் தேட வேண்டும். பறித்த பச்சைக்காய் நாலைந்து கிலோ காய்ந்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். நிறம் மங்காமல் காய வேண்டுமென்பதால் வெயிலில் போடாமல் கொட்டகைக்குள் விறகுச்சூட்டில் உலர்த்துவார்கள். அந்த விறகையும் அதே காடுதான் கொடுக்க வேண்டும். நம் வீட்டுப் பாயாசத்தில் மணக்கும் ஏலக்காய்க்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மரத்தின் முடி அப்படியே இருக்கும், உள்ளே கன்று இருக்காது. காற்றிலோ மூப்பிலோ ஒரு கிழமரம் சாய்ந்தால் அந்த இடத்தை நிரப்ப இளமரம் கிடையாது. பயிர்ச்செய்கை சட்டவிரோதமாகிக் கைவிடப்பட்ட இடங்களிலும் ஏலத்தூர்கள் பரவி நின்று, விழுகிற விதைக்கு வெளிச்சமில்லாமல் செய்கின்றன. பிள்ளையில்லாக் கிழவர்கள் மட்டும் குடியிருக்கும் ஊரைப் போன்றது அப்படிப்பட்ட காடு.

இதற்கு எதிராக ஒரு வலுவான சான்றைக் காட்டுவார்கள். மூக்கு நுனியில் இலைபோன்ற ஒரு சதைத்துண்டோடு திரியும் ஓணான் ஒன்று உலகத்திலேயே இந்த மலைத்தொடரில் மட்டும் உண்டு. பாசி படர்ந்த கிளையில் அது அசையாமல் இருந்தால் கண்ணுக்கு அகப்படாது. இயற்கைக் காட்டில் மட்டுமின்றி ஏலம் நிற்கும் காட்டிலும் அது காணப்படுகிறது. அப்படியானால் ஏலம் என்ன கெடுத்துவிட்டது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஓணான் ஏலத்தை நம்பி அங்கே இருக்கவில்லை. மேலே மிஞ்சியிருக்கும் மரமுடியின் நிழலையும் ஈரத்தையும் நம்பி இருக்கிறது. இயற்கை மரங்கள் அறவே இல்லாத பைன் தோட்டத்தில் அது காணப்படவில்லை என்பதே இதற்கு அத்தாட்சி. மரமுடி புதுப்பிக்கப்படாமல் போனால் இன்றைய ஏலக்காடும் ஒருநாள் அந்த நிலைக்கு வந்து சேரும். வெறும் புல்வெளியை விடப் பைன் மேல் என்று நினைத்து நட்டவர்களின் நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். எனினும் காய்ந்த ஊசியிலை மெத்தைபோல் மூடிக் கிடக்கும் நிலத்தில் நாட்டு மரங்களின் விதை வேரூன்றுவது கடினம், கோடையில் தீயும் எளிதில் பற்றும்.

இரண்டாவது மறுப்பு மனிதரைப் பற்றியது, அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. இந்த மலைக்குள் உள்ள மீமுரே போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வயலும் சேனையும் கித்துளும் ஏலமுமாக வாழ்கிறவர்களை, காட்டைப் பாதுகாப்பு வனமாக்கிய ஒரு வர்த்தமானி அறிவித்தல் குற்றவாளிகளாக்கிவிட்டது என்ற மனக்குறை அங்கே உண்டு. மலையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் லயங்களிலோ அடுப்பெரிக்க விறகு வேண்டும், சொந்தமாக ஒரு துண்டு நிலமும் கிடையாது. ஏலம் நடுவதற்கு ஒரு காலத்தில் அரசே காட்டைக் குத்தகைக்குக் கொடுத்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. பழைய பிழைக்கு இன்றைய ஏழைகளை மட்டும் பொறுப்பாக்குவது அநீதி. ஆனால் இதே காட்டின் பயன் ஏலக்காய்க்காரரோடு முடிந்துவிடுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றையும் வடகீழ்ப் பருவக்காற்றையும் இந்த மலை எதிர்கொள்கிறது. முகட்டில் காற்றடித்துக் குட்டையாகிப்போன மரங்களின் பாசி, மழையில்லாத நாளிலும் முகிலிலிருந்து ஈரத்தை வடித்தெடுக்கிறது. அந்த நீர் ஒருபுறம் ஹுலு கங்கையாக இறங்கி விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குப் போய் மின்சாரமாகிறது. மறுபுறம் தெல்கமு ஓயாவாகவும் களு கங்கையாகவும் அம்பன் கங்கையில் கலக்கிறது. பராக்கிரம சமுத்திரத்துக்கும் பொலன்னறுவை வயல்களுக்கும் நீர் தருவது அந்த அம்பன் கங்கை.

ஆகவே செய்ய வேண்டியதில் வேலியும் தண்டனையும் சிறிய பங்குதான். ஏலத்தூரைப் பிடுங்க வேண்டும். நாட்டு மரக்கன்றுகளை நாற்றுமேடையில் வளர்த்துக் கொண்டுபோய் நட வேண்டும். பைனை ஒரேயடியாக வெட்டாமல் இடையிடையே களைந்து வெளிச்சம் விட வேண்டும். கன்று மரமாகும் வரை ஆண்டுக்கணக்கில் காவல் இருக்க வேண்டும். எந்தச் சரிவில் எந்த மரம் பிழைக்கும் என்பது மீமுரேயில் ஏலம் பறித்தவருக்குத் தெரியும். செங்குத்தான மலையில் நாள் முழுக்க நின்று கன்று நடுவது தேயிலைத் தோட்டத்தில் பழகிய கைகளுக்குப் புதிதல்ல. இந்த வேலைக்கு அவர்களையே அமர்த்தி, மாதச் சம்பளம் கொடுக்கலாம். அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கை, இந்த மலையின் நீரால் சுழலும் விக்டோரியா மின்நிலையத்தின் வருமானத்திலிருந்து எடுத்தால் என்ன?