தாயம் ஏன் விழ மாட்டேங்குது?

குழந்தைகளே! தாயம் விழாமல், "எனக்கு ராசியே இல்லை" என்று கட்டையை வீசி எறிந்ததுண்டா? கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

ஒரு தாயக்கட்டைக்கு 0, 1, 2, 3 என நான்கு பக்கங்கள். இரண்டு கட்டைகளை உருட்டினால், 4 × 4 = 16 விதமாக விழலாம். தாயம் என்றால் மொத்தம் 1. அது 0-1, 1-0 என இரண்டே விதம். ஆகவே நிகழ்தகவு 2/16, அதாவது 1/8. மூன்று விழவோ நான்கு வழிகள்: 0-3, 3-0, 1-2, 2-1!

"ஏழு முறை விழவில்லை, எட்டாவது முறை கட்டாயம் விழும்" என்பதும் தவறு. கட்டைக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு முறையும் அதே 1/8தான்!

இன்று தம்பி, தங்கையுடன் 160 முறை உருட்டிக் குறித்து வையுங்கள். தாயம் 20 முறையை ஒட்டி வருகிறதா, பாருங்கள். ராசியைத் திட்ட மாட்டீர்கள்!