'ட்டொம்' தட்டினால் வராத காலம்

1990-இல் தென்கொரியாவின் எம்.பி.சி. தொலைக்காட்சியில் 'ட்டொம்பாங்காக்ஹா' என்றொரு தொடர் ஓடியது. பெயரை எழுதுவதற்குள் கணினிகள் திணறிப்போயின. முதல் அசையான 'ட்டொம்', நாட்டின் அதிகாரபூர்வக் குறியீட்டுப் பட்டியலிலேயே கிடையாது. 1446-இல் மன்னர் செஜோங் வெளியிட்ட ஹங்குல் எழுத்தைக் கற்ற எந்தக் குழந்தையும் அதைக் காகிதத்தில் எழுதிவிடும்.

சிக்கல் எழுத்தின் அமைப்பில் இருக்கிறது. ஹங்குலில் மெய்யும் உயிரும் தனித்தனி எழுத்துகள்தாம். ஆனால், அவை ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதில்லை. ஓர் அசைக்கு உரியவையெல்லாம் ஒரே சதுரக் கட்டத்துக்குள் அடுக்கப்படும். முதல் மெய் 19, உயிர் 21, இறுதி மெய் 27. இறுதி மெய் இல்லாமலும் அசை அமையும் என்பதால் அதை 28 ஆகக் கொள்ள வேண்டும். மூன்றையும் பெருக்கினால் 11,172 கட்டங்கள். கணினியில் எண் தர வேண்டியது எழுத்துக்கா, கட்டத்துக்கா?

எழுத்துக்குத்தான் என்றது 'ஜோஹாப்' முறை. 16 பிட்டில் ஒன்றை ஒதுக்கிவிட்டு, மீதியை ஐந்தைந்தாக மூன்று எழுத்துக்கும் பிரித்துக் கொடுத்தது. ஐந்து பிட்டில் 32 வகை அடங்கும். எல்லாக் கட்டமும் வந்துவிடும். 1987-இல் வந்த கே.எஸ். சி 5601 தரநிலையோ கட்டத்தின் பக்கம் சாய்ந்தது. சர்வதேச விதிப்படி அது 94-க்கு 94 அட்டவணை, அதாவது 8,836 இடங்கள். அதில் சீன எழுத்துகளுக்கு 4,888 போயின. ஹங்குலுக்கு மிஞ்சியது அதிகம் புழங்கும் 2,350 கட்டங்கள். இரவல் எழுத்துக்குக் கிடைத்ததில் பாதிகூட இல்லை!

பின்னர் விண்டோஸ் 95, விடுபட்ட 8,822 கட்டங்களையும் காலி இடுக்குகளில் திணித்தது. 'ட்டொம்' வந்துவிட்டது, அகரவரிசை போய்விட்டது.

யூனிகோடும் முதலில் தடுமாறியது. 1993-இல் வந்த 1.1 பதிப்பில் 6,656 கட்டங்களே இருந்தன. 1996-இல் 2.0 பதிப்பு அவற்றை நீக்கிவிட்டு, 11,172 கட்டங்களையும் வேறோர் இடத்தில் வரிசையாகக் குடியேற்றியது. அப்போதிருந்த 65,536 இடங்களில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அது. காலியான பழைய இடத்தில் 1999-இல் அரிய சீன எழுத்துகள் வந்து அமர்ந்தன. பழைய எண்களில் சேமித்த கொரியக் கோப்பை இன்று திறந்தால், பெரும்பாலும் அந்தச் சீன எழுத்துகள்தாம் தெரியும். 2.0-க்குப் பிறகு, ஒரு முறை கொடுத்த எண்ணை மாற்றுவதோ நீக்குவதோ இல்லை என்பது யூனிகோடின் உறுதியான விதி.

புதிய வரிசையின் அழகு அதன் கணக்கில் இருக்கிறது. 'ஹான்' என்ற கட்டத்தை எடுத்துக்கொள்வோம். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும்: ஹ் 18, ஆ 0, இறுதி ன் 4. 18-ஐ 21-ஆல் பெருக்கி 0-ஐக் கூட்டினால் 378. அதை 28-ஆல் பெருக்கி 4-ஐக் கூட்டினால் 10,588. தொடக்க எண்ணான 44,032-ஐச் சேர்த்தால் 54,620. அதுதான் 'ஹான்'. அந்த எண்ணிலிருந்து 44,032-ஐக் கழித்து 28-ஆல் வகுத்தால் மீதி 4, அதாவது இறுதி ன். ஈவை 21-ஆல் வகுத்தால் மற்ற இரண்டும் கிடைத்துவிடும். கட்டத்துக்குத் தந்த எண்ணுக்குள் எழுத்துகளும் பத்திரமாக இருக்கின்றன. தோற்றுப்போன ஜோஹாப்பின் யோசனை பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது என்றே சொல்வேன்.

தனி எழுத்துகளுக்கும் யூனிகோடில் எண்கள் உண்டு. 'ஹான்' என்பதை ஒரே எண்ணாகவும் எழுதலாம், மூன்று எண்களாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்கிறது விதி. (தமிழில் 'கொ'வின் துணைக்குறிக்கும் இப்படி இரட்டை வடிவம் உண்டு.) ஆப்பிளின் மேக் கணினிகள் நெடுங்காலம் கோப்புப் பெயர்களைப் பிரித்தே சேமித்தன. அந்தக் கோப்பு விண்டோஸுக்குப் போனால், பெயரின் கட்டங்கள் உடைந்து எழுத்துகள் தனித்தனியே வரிசையாகத் தெரிவதுண்டு.

பழங்கொரிய நூல்களுக்கோ பிரித்து எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. செஜோங் காலத்தில் இருந்து பிறகு வழக்கொழிந்த சில எழுத்துகள் அந்த 11,172-க்குள் வராது. 2009-இல் வெளியான 5.2 பதிப்பு அதற்கான தனி எழுத்துகளை மேலும் சேர்த்தது. அவற்றையும் கொண்டு அமைக்கக்கூடிய கட்டங்கள் 16 லட்சத்தைத் தாண்டும். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுக்க யாரும் முனையவில்லை.