வெட்ட வேண்டாம் புளியமரத்தை... விபத்தைத் தடுக்க வழி இருக்கிறது!

மதுரையிலிருந்து குற்றாலத்துக்கும் சபரிமலைக்கும் கிளம்புகிற வண்டிகள் பல திருமங்கலத்தில் பிரிந்து, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசியைப் பிடிக்கும். முன்பு 208, இப்போது 744 என்ற எண் கொண்ட தேசிய நெடுஞ்சாலை இது. இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 11 கி.மீ. தூரம்தான். ஆனால், ‘மரத்தில் கார் மோதி...’ என்று செய்தி வரும்போதெல்லாம், ‘அந்த மரங்களை வெட்டித் தொலைத்தால் என்ன?’ என்ற பேச்சும் கூடவே கிளம்பிவிடுகிறது.

மரம் எங்கேயும் போகவில்லை. சாலைதான் அதை நெருங்கி வந்தது. மாட்டுவண்டிக் காலத்தில் ஓரமாக நின்ற புளியும் வேம்பும், சாலையை அகலப்படுத்த அகலப்படுத்த, தாரின் விளிம்புக்கே வந்துவிட்டன. வண்டிகளின் வேகமோ பல மடங்கு கூடிவிட்டது.

60 கி.மீ. வேகத்தில் மரத்தில் மோதுவது, சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 80 கி.மீ. என்றால் 25 மீட்டர், எட்டு மாடி! முதிர்ந்த புளியமரம் இம்மியும் அசையாது. மொத்த அடியையும் வண்டிதான் வாங்கும்.

சரி, என்ன செய்யலாம்?

கண்ணில் படட்டும்: அடிமரத்தில் அடிக்கும் கறுப்பு வெள்ளைப் பட்டை, புழுதியிலும் மழையிலும் மங்கிவிடும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கூடவே ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிய தகடு இருந்தால், ஹெட்லைட் பட்டதும் தூரத்திலேயே மரம் தெரியும்.

ஓரம் சமமாகட்டும்: தார் மேல் தார் போடும்போது சாலை உயர்ந்து, மண் ஓரம் பள்ளமாகிவிடுகிறது. அதில் டயர் இறங்கியதும் பதறி ஸ்டீயரிங்கை ஒடித்தால், வண்டி தறிகெட்டுப் போகும். கிராவல் மண் கொட்டி ஓரத்தைச் சமப்படுத்துவது பெரிய செலவில்லை.

வளைவில் தடுப்பு: வளைவுகளில் மரத்துக்கு முன்னால் இரும்புத் தடுப்பு வைக்கலாம். அது வளைந்துகொடுத்து, வண்டியைச் சாலைப் பக்கமே திருப்பிவிடும்.

கிளையைக் கவனியுங்கள்: தாழ்ந்த கிளைக்கு ஒதுங்கும் பஸ்ஸும் பஞ்சு லாரியும் எதிரே வரும் பைக்குக்கு ஆபத்து. ஆடிக் காற்றுக்கும் ஐப்பசி மழைக்கும் முன்பே பட்ட கிளைகளை அகற்ற வேண்டும்.

மரத்தைப் பலவீனப்படுத்துவதும் நாம்தான். அடியில் குப்பை எரித்தால் தண்டு பொந்தாகிறது. குழாய்க்கும் வாய்க்காலுக்கும் பள்ளம் தோண்டி ஒரு பக்க வேரை வெட்டினால், அடுத்த பெருங்காற்றில் மரம் சாய்கிறது. விளம்பரப் பலகைக்கு அடிக்கும் ஆணியும் மரத்துக்குக் காயம்தான்.

உண்மையிலேயே ஆபத்தான மரம் என்றால், மாவட்டப் பசுமைக் குழுவின் ஆய்வுக்குப் பிறகு அகற்றலாம். புதுக் கன்றுகளைத் தாரை ஒட்டி நடாமல், வாய்க்காலுக்கு அப்பால் நட வேண்டும். இன்று வைக்கும் புளியங்கன்று சாலைக்கு நிழல் தரப் பல ஆண்டுகள் ஆகும். ஆடிப்பூரத் தேருக்கு நடந்து வருபவர்களுக்கும், பஸ்ஸுக்காக வெயிலில் நிற்பவர்களுக்கும் அதுவரை நிழல் ஏது?

சாலையைப் பராமரிப்பவர்களுக்குச் சட்டப் பொறுப்பும் உண்டு. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவின்படி, சாலை வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காததால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

ஓட்டுகிறவர் கையிலும் பாதி இருக்கிறது. நள்ளிரவு 2 மணி முதல் 5 மணி வரை கண் சொக்கும் நேரம். டீ குடித்துச் சமாளிப்பதைவிட, பெட்ரோல் பங்க்கில் ஓரங்கட்டி அரை மணி நேரம் தூங்குவது மேல். சாலையில் விழுந்த மரத்தையோ முறிந்து தொங்கும் கிளையையோ பார்த்தால், தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குச் சொல்லுங்கள். பின்னால் வருகிறவருக்கு அந்த ஒரு போன் போதும்.